சோம்பல் அன்று, நோய்



மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை, உடலின் காப்புப் படையே அரித்துவிடும் நோய் ஒன்று உண்டு. 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்பது அதன் பெயர். 1868-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ அதனை விளக்கினார். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதிற்குள் தோன்றி, ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுகிறது.

நம் கேம்ப் பகுதிக் குடும்பமொன்றில் அந்நோயுற்ற மருமகளைச் சோம்பேறி என்று நாமே ஏசினோம். சோர்வு நோயின் கூறே என்று நமக்கு உணர்த்தியவர் பிசியோதெரபி அம்மையார் ஒருவர். உடற்சூடு ஏறினால் பழுதுற்ற நரம்பில் செய்தி தடைப்படும். ஆதலின் சித்திரை வெயிலில் நண்பகற் பயிற்சி ஆகாது, விடியலிலேயே முடித்திடுக என்றார். அமர்ந்தவாறே காய் நறுக்கவும் பழக்கினார். மராத்தி அறியாத அப்பெண் நாணத்தால் மறைத்த சிறுநீர்த் தொல்லையைத் தமிழிலேயே கேட்டறிந்தவர் ஒரு செவிலியர். (மாமியாரிடம் சொல்லக்கூடியதா அது!)

1985-இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்திற்குப் புனேயிலும் கிளை உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது. சான்றிதழ் பெறச் சாசூன் மருத்துவமனைக்கு உடன் வர நம் இளைஞர் இருவர் இசைந்துள்ளனர். வேண்டுவோர் செயலாளரை இன்றே காண்க.