டெவன் தோட்டத்தை மறக்கலாமா?

(எலுவன்குளத்தில் கூடிய தோட்ட இளைஞர் முகாமில் பேசியது)



மலையை விட்டு இறங்கி, பஸ்ஸில் இடுப்பொடிய வந்து, இந்தக் கலா ஓயாப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். களைப்பு இருக்கும். சுருக்கமாகவே பேசுகிறோம்.

சர்வாதிகாரம் என்றதும் ஹிட்லர்தான் ஞாபகம் வருவார். அவரை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் விநியோகித்த மாணவி சோஃபி ஷோலுக்கு வயது 21. 1943 பெப்ரவரி 22இல் அண்ணனோடு அவளுக்கும் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அது ஜெர்மனியில். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அதிகாரத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்கள்தான்.

1970இல் ஐந்து வருஷத்துக்குத் தெரிவான அரசாங்கம், புது அரசியலமைப்பைக் கொண்டுவந்து 1977 வரைக்கும் இருந்துகொண்டது. அதில் ஏறக்குறைய ஆறு வருஷம் அவசரகாலச் சட்டம். நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு 1948, 49இல் பறிபோன பிரஜாவுரிமையும் வாக்கும் திரும்பி வந்திருக்கவில்லை. 1973, 74இல் லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. பிறகுதான் நுவரெலியாப் பக்கம் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. காணி போனால் வேலை போகும். வேலை போனால் லயமும் போகும்.

டெவன் தோட்டத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். 1977 மே 11ஆம் திகதி பொலிஸ் சுட்டது. இளைஞன் சிவனு லெட்சுமணன் செத்து விழுந்தான். ஆனால் காணி பிரிக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. அதே வருஷம் ஜூலைத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாவில் தொண்டமான் ஐயா வென்று பாராளுமன்றம் போனார்.

அப்போது நாங்கள் பிறக்கவேயில்லை. பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். கேட்கும்போதெல்லாம் ஒரு வெட்கம் வரும். எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள் மேலிடத்து முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்ட நாட்கள் உண்டு. ஒரு லயத்துக் கூரை மூன்று மாதமாக ஒழுகியது. நாங்கள் "பார்ப்போம், பார்ப்போம்" என்றே காலத்தை ஓட்டினோம். கடைசியில் ஏ.எல். படிக்கும் ஒரு பிள்ளை தானே மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். தகரம் வந்தது.

தம்பி தங்கைகளே, கல்லெறிவதைத் துணிச்சல் என்று நாங்கள் சொல்லவில்லை. விஷயத்தைப் படித்து, எழுதிவைத்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். தாய் தகப்பன்மாரே, பிள்ளை கேள்வி கேட்டால் "நமக்கேன் வம்பு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர்களுக்குப் பின்னால் நீங்கள் நில்லுங்கள். இனிமேல் நாங்களும் நிற்போம்.