சட்டமும் கலைப்பட்டமும்



நம் திருகோணமலைத் துறைமுகத்தருகே அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் எனக் கொள்வோம். ஒருத்தி தன் சீதனக் காணியைத் தானே விற்கலாம். மற்றவளோ தேசவழமைக்குட்பட்டவரை மணந்தவள். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டும்.

ஏன் இவ்வேறுபாடு? 1707 இல் கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாண வழக்கங்களைத் திரட்டி எழுதினார். 12 முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர். பெண்களை யார் கேட்டார்கள்? இவ்வினாவைச் சட்டப் புத்தகம் எழுப்பாது. வரலாறும் சமூகவியலும் சேர்த்துக் கற்றவரே எழுப்புவர். 1947 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டத்துறையைக் கலைப்பீடத்துள்ளேதான் தொடங்கியது. நாமோ, கலைப்பட்டம் உத்தியோகந் தராதென்று பிள்ளைகளைத் தடுக்கிறோம். சீதன உறுதியில் மட்டும் வாசியாமலே கையொப்பமிடுகிறோம்.