கையடக்கப் பாட்டுப்பெட்டியும் நம் குடும்பங்களும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப மாலைக் கூட்டத்தில் பங்குப் பேரவையின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழாவை முன்னிட்டு பேரவையினர் நாங்கள் இருவர் இருவராக வீடு சந்திக்க வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குடும்ப அட்டை சரிபார்க்கவும் யூபிலி நன்கொடை பற்றிப் பேசவும்தான் வந்தோம். ஆனால் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் செல்போனில் வந்து நின்றது. பெரியவர்கள் ஒன்று சொன்னார்கள், பிள்ளைகள் வேறொன்று சொன்னார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டோம். அவற்றை இந்த மேடையில் வைக்க வேண்டும் என்பது பேரவையின் விருப்பம்.

ஒரு மூதாட்டி சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறோம். "வீட்ல அஞ்சு பேரு இருக்கோம் தம்பி, ஒரு காதுகூட சும்மா இல்ல. நான் யார்ட்டப் பேச?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

நம் பங்கு கூரைக் கோயிலாக இருந்த 1970-களில் பாட்டு என்பது தெருவுக்குச் சொந்தமாக இருந்தது. மந்தையில் பஞ்சாயத்து ரேடியோ. டீக்கடையில் ஒரு மர்பியோ பிலிப்ஸோ. வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமத்தொகை கட்ட வேண்டிய காலம் அது. 1980-களில்தான் அந்தத் தொல்லை நீங்கியது. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையமும், மாலை நேரத்து இலங்கை வானொலியும் நம் பக்கத்துக்குக் காது போலிருந்தன. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு சிற்றலையில் கரகரவென்று வரும். முள்ளைத் திருப்பித் திருப்பி அதைப் பிடிப்பதற்கென்றே சில வீடுகளில் ஓர் அண்ணன் இருப்பார். (அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018-இல் நின்று இணையத்துக்கு மாறிவிட்டது.)

சேர்ந்து கேட்பதில் ஒரு லாபம் இருந்தது. கேட்டது சரியா தப்பா என்று உடனே அங்கேயே பேசிக்கொள்வார்கள். 1960-களில் வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு, கூடிப் பேசி, தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லை நட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. ஒருவர் மட்டும் காதில் மாட்டிக் கேட்டிருந்தால் அந்த நெல் அவர் வயலோடு நின்றிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதன்பின் டேப் ரெக்கார்டர் வந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போன நம்மவர்கள் கொண்டுவந்த 'டூ இன் ஒன்' பெட்டியில் திருச்சி கலைக்காவிரியின் பக்திப் பாடல் ஒலிநாடாக்கள் ஓடின. கடிதம் எழுதத் தெரியாதவர்கள் தங்கள் குரலையே கேசட்டில் பதித்து அனுப்பினார்கள். அப்பாவின் குரலைக் கேட்க அக்கம்பக்கமே வந்து உட்காரும்.

வாக்மேன் கதை இங்கேதான் வருகிறது. ஜப்பானில் சோனி நிறுவனம் 1979 ஜூலை 1-ஆம் தேதி இடுப்பில் மாட்டும் அந்தச் சிறு பெட்டியை விற்பனைக்கு விட்டது. நெடுந்தூர விமானப் பயணத்தில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று அந்நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான இபுகா ஆசைப்பட்டதே அதற்குக் காரணம். ஆனால் அவருடைய கூட்டாளி மொரீட்டாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியே பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகாதா? ஆகவே முதல் வாக்மேனில் இரண்டு துளைகள் வைத்தார்கள். இருவர் சேர்ந்து கேட்கலாம். அதோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, சின்ன மைக் வழியாக அடுத்தவர் பேசுவது காதில் விழும்.

அந்தப் பொத்தான் அதிக நாள் நீடிக்கவில்லை. வாங்கியவர்கள் அதைத் தங்களுக்கே தங்களுக்கான பெட்டியாகக் கருதினார்கள். இரண்டாம் துளையைத் தேடியவர்கள் குறைவு. பின்னால் வந்த மாதிரிகளில் பொத்தானை எடுத்துவிட்டார்கள். அன்பர்களே, செய்தவனுக்கே வந்த அந்தச் சங்கடம் வாங்கியவனுக்கு வரவில்லை! நம் மூதாட்டி கேட்பது அந்த ஆரஞ்சுப் பொத்தானைத்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2001-இல் ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டு சட்டைப்பையில் அடங்கியது. 2006 மார்ச்சில் வத்திக்கான் வானொலி ஊழியர்கள் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அவர்களுக்கே ஒரு சிறிய வெள்ளை ஐபாடைப் பரிசளித்தார்கள். 2007-இல் ஐபோன், 2016-இல் அதன் பாட்டுத் துளையையே அடைத்துவிட்டு, கம்பியில்லாத காதுக்கருவியைத் தனியே விற்கத் தொடங்கினார்கள். 2022-இல் ஐபாட் உற்பத்தியும் முடிந்தது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் தண்ணீராய் மலிந்தது. இரண்டு துளையில் தொடங்கிய கதை, துளையே இல்லாததில் வந்து நிற்கிறது.

இனி பிள்ளைகள் பக்கம். அவர்கள் சொன்னதிலும் பலமான நியாயம் உண்டு.

டவுன்ஹால் ரோட்டில் செல்போன் உதிரிப்பொருள் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எங்களையே மடக்கினார். "எங்க பாட்டு எங்க காதோட போகுதுண்ணே. நீங்க திருவிழாவுக்கு விடியக்காலம் நாலு மணிக்கு குழாய் கட்டிப் பாட்டுப் போட்டா, பரீட்சைக்குப் படிக்கிறவனும் காய்ச்சல்ல கிடக்கிறவனும் எங்க போவாங்க?" என்றார். இதற்குப் பதில் சொல்வது கடினம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி; 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இந்த யூபிலியில் நவநாள் ஒலிபெருக்கி 6 மணிக்கு மேல்தான் என்று பேரவை முடிவு செய்திருப்பதற்கு அந்தத் தம்பியும் ஒரு காரணம்.

உசிலம்பட்டி பக்கமிருந்து தினமும் கல்லூரிக்கு வரும் ஒரு மகள் வேறொன்று சொன்னாள். பஸ்ஸில் இயர்போன் மாட்டியிருந்தால் வேண்டாதவர்கள் பேச்சுக் கொடுப்பதில்லையாம். பல நாள் பாட்டே ஓடாது, சும்மாதான் மாட்டியிருப்பேன் என்றாள். பெண் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலியாகவும் இருக்கிறது என்பதை அப்பாமார் கவனிக்க வேண்டும். வேலி தேவைப்படுகிற பஸ்ஸைப் பற்றி அல்லவா நாம் முதலில் கோபப்பட வேண்டும்?

பூசை நேரத்தில் ஒருவர் காதில் ஏதோ மாட்டியிருக்கிறார் என்று சிலர் முணுமுணுத்ததும் உண்டு. அவர் பார்வையற்றவர். போனிலுள்ள 'டாக்பேக்' வசதி எழுத்தைத் தமிழில் வாசித்துச் சொல்ல, அன்றைய வாசகத்தை அவர் அப்படித்தான் பின்தொடர்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவுகள் அடைபட்டபோது, படுக்கையில் கிடந்த முதியவர்களுக்குத் திருப்பலியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதே போன்தான். ஆகவே இது பிசாசின் கருவி என்று யாராவது பிரசங்கம் செய்தால் பேரவை அதற்கு உடன்படாது.

ஒரு தாயின் சொல்லையும் விடமுடியாது. அவர் மகள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ஆலையில் வேலை பார்க்கிறாள். அங்கே 2006-இல் வந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. இன்று அந்த வட்டாரத்தில்தான் ஐபோன்களைப் பூட்டி உலகுக்கு அனுப்புகிறார்கள். நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் போய் விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். 2021 டிசம்பரில் அப்படியொரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனதும், தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டதும் செய்தித்தாளில் வந்தது. "உலகத்துக்கெல்லாம் போன் செய்யுறா. எங்கூடப் பேச அவளுக்கு ஷிப்ட் ஒத்துவர மாட்டேங்குது" என்றார் அந்தத் தாய். அவருக்குப் போன் வந்தால் வீட்டில் எல்லோரும் சத்தத்தைக் குறைக்கிறார்கள். அந்த வீட்டில் ஆரஞ்சுப் பொத்தான் இன்னும் வேலை செய்கிறது.

இப்போது காதைப் பற்றி ஒரு வார்த்தை. இதைத் தம்பிகள் கொஞ்சம் கேட்க வேண்டும். உட்செவியில் நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பேரொலியால் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அந்தச் சேதத்துக்கு வலியும் கிடையாது, ஆகவே தெரிவதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் 110 கோடி இளைஞர்களுக்கு இந்த ஆபத்து உண்டென்று எச்சரித்தது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரத்தோடு சரி என்பது அதன் கணக்கு. பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. மினிபஸ்ஸின் இரைச்சலையும் அதில் ஓடும் பாட்டையும் மீறிக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டுகிறீர்களே, கெடுதல் அங்கேதான். பைக்கிலும் தண்டவாளத்தின் ஓரத்திலும் காதை அடைத்துக்கொண்டு போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உதிரிப்பொருள்களைப் பற்றித் தாய்மார்கள் நிறையக் கேட்டார்கள். டவுன்ஹால் ரோட்டிலும் மீனாட்சி பஜாரிலும் பவுச், டெம்பர் கிளாஸ், நெக்பேண்ட் எல்லாம் எந்த விலைக்கும் கிடைக்கும். அதில் ஏமாந்தாலும் சில ரூபாயோடு போகும். சார்ஜரிலும் பவர் பேங்கிலும் மட்டும் விலையைப் பார்க்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு இவற்றுக்குக் கட்டாயம். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது போனைத் தலையணைக்கு அடியில் வைக்கும் வழக்கத்தை இன்றிரவே விட்டுவிடுங்கள்.

கோயில் வாசலில் பெட்டி வைத்து எல்லோர் போனையும் வாங்கி வைக்கலாம் என்று பெரியவர்கள் சிலர் கோரினார்கள். நம் ஊரில் முன்னுதாரணம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பின், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி மார்ச் மாதம் முதல் உள்ளே செல்போன் கிடையாது. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களும் 2017 நவம்பரில் இதைச் சொல்லி வருந்தினார். குரு உள்ளத்தை மேலே எழுப்பச் சொல்கிறாரே தவிரப் போனை மேலே தூக்கச் சொல்லவில்லை என்றார். குருக்களும் ஆயர்களும்கூடப் படமெடுப்பதைக் குறிப்பிட்டார்.

பேரவையில் இது நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். நம் பங்கில் செவிலியர்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் இருக்கிறார், பார்வையற்ற அந்த அன்பரும் இருக்கிறார். ஆனால் நற்செய்தி வாசகம் முதல் நற்கருணை முடியும்வரை யாரும் படமெடுப்பதில்லை. திருமணமானாலும் புதுநன்மையானாலும் பேரவை நியமிக்கும் ஒரே ஒரு புகைப்படக்காரர்தான். வீடுகளில் இரவு செபமாலை நேரத்தில் போன்கள் அலமாரியில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதில் அப்பாவின் போன் முதலில் போக வேண்டும். பிள்ளைகள் இதை எங்களிடம் குறிப்பாகச் சொல்லியனுப்பினார்கள்.

இன்னொரு வேலை இளைஞர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் கிடக்கும் பழைய போன்களைச் சேகரித்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஒலிவடிவ விவிலியமும் பழைய கேசட் பாடல்களும் ஏற்றி, தனியாக இருக்கும் முதியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. மாதம் ஒருமுறை போய், பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து ஒரு பாட்டாவது கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. முதல் போன் எந்த வீட்டுக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மூதாட்டி, "போன் கிடக்கட்டும், பையன் வருவானா?" என்றுதான் கேட்டிருக்கிறார்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் போன்களைப் பெற்றுக்கொள்வார்கள். சார்ஜரையும் கூடவே கொண்டுவாருங்கள். இப்போது வரும் போன்களுக்கு டைப்-சி முனை பொதுவாகிவிட்டது. நீங்கள் தரப்போகும் பழைய போன்களுக்கோ ஆளுக்கொரு முனை.