முகில் சூழ்ந்த சிம்மகட்டில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் குறித்துச் சில சொல்லுமாறு நம் சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தார். இலக்கியம்தான் சொல்லப் போகின்றோம். ஆயின் அதனை ஏட்டிலிருந்து தொடங்காமல், மழையில் நனைந்த மலையொன்றிலிருந்து தொடங்க விரும்புகின்றோம்.

புனேயில் வாழும் தமிழருள் சிம்மகட்டைக் காணாதார் அரியர். நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்பது அக்கோட்டை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் வண்டியில் ஏற்றிச் சென்று, மட்பாண்டத்துத் தயிரும் சுடச்சுட வெங்காய பஜ்ஜியும் வாங்கித் தந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது நம் வழக்கம். முப்பது ஆண்டுகள் யாமும் அவ்வாறே கண்டோம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே, அம்மலையைக் காலால் ஏறிக் காணவேண்டும் என்னும் ஆசை எம் உள்ளத்தில் எழுந்தது.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு குடையும், கைத்தடியும், பித்தளைத் தூக்கில் தயிர்ச்சோறுமாகப் புறப்பட்டோம். ‘கடக்வாஸ்லா ஏரி வரை சென்று வருகின்றோம்’ என்று எம் துணைவியாரிடம் கூறினோம். மலை என்றால் தடுப்பார் என்று கருதிச் சொன்ன பொய் அது. அன்றைய பிழைகளுள் முதற்பிழையும் அதுவே.

ஆட்கர்வாடிச் சிற்றூரிலிருந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ஞாயிறாயின் திருவிழாக் கூட்டம். அன்றோ முன்னும் பின்னும் ஒருவரும் இலர். கருங்கற்களின்மீது நீர் வழிந்தோடிற்று. பாதி மலை ஏறியதும் கீழே தெரிந்த வயல்களும் ஏரியும் ஒருங்கே மறைந்தன. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று சையமலைத் தொடரில் மோதி மேலெழுகின்றது. மேலெழுந்த காற்று குளிர்கின்றது. அதிலுள்ள நீராவி முகிலாகின்றது. கீழிருந்து நோக்குவார்க்கு அது முகில். அதனுள்ளே நிற்பார்க்கோ மூடுபனி. நம் காவிரியைப் பெற்ற சையமும் இதுவே என்று எண்ணி மகிழ்ந்தவாறே புனே வாயிலைக் கடந்து கோட்டைக்குள் புகுந்தோம்.

அங்கே ஒரு நினைவிடத்தின் முன் நெடுநேரம் நின்றோம். அது சத்திரபதி சிவாஜியின் இளைய மகன் இராஜாராமின் சமாதி. 1689-இல் தமையன் சம்பாஜி முகலாயரால் கொல்லப்பட்டபின், இராஜாராம் இந்நாட்டை விட்டு நீங்கி அடைக்கலம் புகுந்த இடம் எது? நம் தமிழகத்துச் செஞ்சிக் கோட்டை! 1690-இல் தொடங்கிய முகலாயரின் முற்றுகை 1698 வரை நீண்டது. கோட்டை வீழுமுன் தப்பி மீண்ட அம்மன்னர், 1700-இல் முப்பது வயதில் இச்சிம்மகட்டில் உயிர் நீத்தார். மராட்டியப் படைத்தலக் கோட்டைகள் பன்னிரண்டை 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தின. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. பிழைப்பு நாடி வடக்கே வந்த நாம், அடைக்கலம் நாடித் தெற்கே சென்ற மன்னரின் சமாதியருகே நிற்கின்றோம் என்ற எண்ணம் எம்மை நெகிழ்வித்தது.

அவ்வெண்ணத்தில் ஆழ்ந்தமையால் பொழுதை மறந்தோம். தானாஜி மாலுசரே 1670 பிப்ரவரியில் நள்ளிரவில் தம் வீரருடன் ஏறிய செங்குத்துப் பாறையையும் கண்டு மீள்வோம் என்று மேற்குப் பக்கமாக நடந்தோம். முகில் இறுகிற்று. நீட்டிய கை தெரிந்தது. ஊன்றிய தடியின் நுனி தெரியவில்லை. திரும்பினோம், வந்த பாதையைக் காணோம். கைப்பேசியோ மழைநீர் புகுந்து அணைந்து போயிருந்தது. அச்சத்தால் விரைந்து நடந்தோம். திடீரென்று, எதிரேயிருந்து வீசிய காற்று காலடியிலிருந்து மேல்நோக்கி வீசிற்று. மழைத்துளிகளும் கீழிருந்து முகத்தில் தெறித்தன. கால் தானே நின்றது. ஒரு கல்லை எடுத்து முன்னே எறிந்தோம். அது வீழ்ந்த ஓசை கேட்கவில்லை.

அந்நிலையில்தான் மலைபடுகடாம் நினைவிற்கு வந்தது. பெருங்கௌசிகனார் பாடிய அப்பாட்டு, நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. பாசி படிந்து வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் கொறுக்கையையும் பற்றிச் செல்க என்று அது அறிவுறுத்துகின்றது. மலைவாழ் குறவரே மயங்கும் குன்றத்தில் வழி தவறினால், மேலே செல்லாது அகன்ற பாறையில் கூடி நின்று இசைக்கருவிகளை முழக்குக. அவ்வொலி கேட்டுக் கானவர் வந்து உதவுவர் என்றும் கூறுகின்றது. கல்லூரி நாளில் தேர்வுக்காகப் படித்துப் பின் மறந்த பகுதி அது!

சில அடிகள் பின்வாங்கி ஒரு பாறைமீது அமர்ந்தோம். எம்மிடம் முழவேது, யாழேது? தூக்கைத் திறந்து சோற்றை உண்டோம். வெறுந்தூக்கைக் கல்லால் தட்டினோம். எவ்வளவு நேரம் தட்டினோம் என்று சொல்ல இயலவில்லை. கை மரத்துப்போயிற்று, உடல் நடுங்கிற்று. அப்பொய்யை நினைத்து நாணினோம். எம்மைத் தேடுவோர் ஏரிக்கரையிலன்றோ தேடுவர்!

பின்னர் ஒரு குரல் கேட்டது: “கோன் ஆஹே?” யார் அங்கே என்று வினவியவர், கோட்டையில் சிற்றுண்டி விற்கும் முதிய மராட்டிய அம்மையார். எம் அரைகுறை மராத்தியில் விடை கூறினோம். “பாவூ, அங்கேயே இருங்கள், அடியெடுத்து வைக்காதீர்கள்” என்று கூவிக்கொண்டே வந்து, எம் கையைப் பற்றினார். ‘பாவூ’ என்றால் உடன்பிறந்தான். யாம் அவரைத் ‘தாயி’ என்று விளித்தோம். மராத்தியில் அது தமக்கையைக் குறிக்கும். எம் செவிக்கோ தாய் என்றே ஒலித்தது. தம் குடிசையடுப்பின் அருகே அமர்த்திச் சூடான பிட்லாவும் சோள ரொட்டியும் தந்தார். பணம் நீட்டியபோது வாங்க மறுத்தார். மூடுபனி விலகியதும், புனே வாயில்வரை தம் பேரனைத் துணைக்கு அனுப்பினார்.

அன்பர்களே! மலைக்குச் செல்லாதீர் என்று சொல்ல யாம் வரவில்லை. செல்லுங்கள்; ஆயின் செல்லுமிடத்தை வீட்டாரிடம் மெய்யாகச் சொல்லிச் செல்லுங்கள். மழைக்காலத்தில் தனியே செல்லாதீர்கள். முகில் இறங்கினால் நடவாது நில்லுங்கள். பெருமழை நாளில் மலைச்சரிவை நம்பாதீர்கள். 2014 சூலை 30-இல் இம்மாவட்டத்து மாலின் சிற்றூர் மண்சரிவில் புதைந்து, 150 பேருக்கு மேல் மாண்டதை மறவாதீர்கள்.

இன்னுமொன்று. எம்மை அன்று காத்தவை இரண்டு: தாய்மொழியில் படித்த ஒரு பழம்பாட்டு, அண்டை மொழியில் அறிந்திருந்த சில சொற்கள். நம் குழந்தைகளுக்கு இவ்விரண்டையும் கொடுப்போம். ஒன்று எங்கே நிற்பது என்று கற்பிக்கும். மற்றொன்று யாரை அழைப்பது என்று கற்பிக்கும்.

வீடு திரும்பிய பின் எம் துணைவியாரிடம் நடந்ததனைத்தும் கூறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நசுங்கிய தூக்கை வாங்கித் துலக்கி அடுக்கில் வைத்தார். அடுத்த திங்களில் இருவரும் சேர்ந்தே தாயியைக் காணச் சென்றோம். அத்தூக்கில் அவருக்குப் புளியோதரை கொண்டு சென்றோம்.