கஞ்சாச் செடியின் வேரடியில்



கஞ்சா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் போலீஸும் நியாயஸ்தலமும்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டங்கூட, கஞ்சா என்பதற்கு இலக்கணம் கூறப் புகும்போது, அந்தச் செடியின் பூத்த நுனியையும் காய்த்த நுனியையும்தான் குறிப்பிடுகிறது. இன்று நான் சொல்ல வந்த விஷயமோ செடியின் மறு கோடியில் இருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அதன் வேரைச் சுற்றியும், அந்த வேருக்கு உள்ளேயுமே குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றியது அது.

நிலக்கடலைச் செடியை ஈர மண்ணோடு பிடுங்கிப் பார்த்தவர்கள், அதன் வேரில் சிறு மணிகள் கோத்தாற்போல் முடிச்சுகள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். அவற்றில் ஒன்றை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தரும் பாக்டீரியாக்கள் அங்கே வாசம் செய்கின்றன. கஞ்சா வேரில் அத்தகைய முடிச்சுகள் கிடையா. ஆனால் முடிச்சு இல்லாத வேரில் குடித்தனமும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. எந்தச் செடியும், தன் இலையில் வெயிலைக் கொண்டு சமைத்த சர்க்கரையிலும் அமிலங்களிலும் ஒரு பங்கை வேரின் வழியே மண்ணில் கசியவிடுகிறது. அந்தக் கசிவை நாடி, ஒரு சிட்டிகைக்குள்ளேயே கோடிக்கணக்கில் உயிர்கள் அடங்கிய மண்ணிலிருந்து, சில கூட்டத்தார் மட்டும் வேரருகே வந்து பெருகுகிறார்கள். வேரின் ஆட்சிக்கு உட்பட்ட அந்த மெல்லிய மண்ணுக்கு 1904-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி லோரென்ஸ் ஹில்ட்னர் ‘ரைசோஸ்பியர்’ என்று பெயரிட்டார். நாம் அதை வேர்மண்டலம் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த விஞ்ஞானிகள், ஐந்து வகைக் கஞ்சாச் செடிகளின் வேர்களை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய பரீட்சையின் முறையை நம் கையாலேயே செய்வதுபோல் எண்ணிப் பாருங்கள். செடியை மெல்லத் தூக்கி உதறுகிறோம். பொலபொலவென்று உதிர்வது வெறும் மண். உதறிய பின்னும் விடாமல் வேரைப் பற்றிக்கொண்டிருக்கும் பூச்சு வேர்மண்டலம். அதையும் கழுவிப் போக்கி, வேரின் மேற்புறத்தைச் சுத்தம் செய்தபின் எஞ்சுவது வேரின் உள்வீடு. மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் வளர மறுப்பவை; ஆதலால் அவற்றை வளர்த்துப் பார்க்க முயலாமல், பாக்டீரியாக்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு மரபணுவின் எழுத்துக்களைப் படித்து, இந்த மூன்று இடங்களிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் மூன்று இடத்துச் சமூகங்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. மண் மாறினாலும் சமூகம் மாறிற்று. செடியின் வகை மாறினாலும் மாறிற்று. ஆனால் இவ்விரண்டின் அதிகாரமும் ஒரே இடத்தில் செல்லவில்லை என்பதுதான் விசேஷம். மூன்று இடங்களையும் சேர்த்து நோக்கும்போது யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது மண். வேரின் உள்வீட்டை மட்டும் நோக்கினால், அங்கே அவர்கள் எந்த அளவில் அமைந்திருக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது செடியின் பரம்பரை. வேரை நாடி வரக்கூடியவர்களை மண் அனுப்பி வைக்கிறது. உள்ளே யாருக்கு எவ்வளவு இடம் என்பதைச் செடி நிர்ணயிக்கிறது.

இந்த இரண்டு படித் தேர்வைக் கடுகின் உறவான அரபிடாப்ஸிஸ் என்னும் சிறு பூண்டை ஆராய்ந்தவர்கள் முன்னரே எடுத்துரைத்திருந்தனர். கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தார் 2012-இல் அதைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு காரியம். செடிக்குப் பக்கத்து மண்ணிலே உயிரற்ற மரச்சிம்புகளையும் அவர்கள் புதைத்து வைத்தார்கள். வேரில் குடியேறிய பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தை வரவழைப்பதற்குத் தாவரச் சுவரின் தன்மையே போதுமானதென்று அந்தச் சிம்புகள் காட்டிக்கொடுத்தன. ஒரு சிம்பைப் புதைத்திராவிட்டால், வேரில் கண்ட அத்தனை பேரையும் உயிருள்ள செடியே விரும்பி அழைத்ததென்றுதானே நாம் முடிவு கட்டியிருப்போம்?

கஞ்சா விஷயத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் வேண்டியிருக்கிறது. தன் உடலில் அநேக விதமான ரசாயனப் பொருள்களைத் தயாரிக்கும் செடி அது. அப்பொருள்களுக்காகவே இன்று பல தேசங்களில் மருந்துப் பயிராக வளர்க்கப்படுகிறது. ஒரு மண்ணில் ஒரு பாக்டீரியாவும் ஒரு பொருளும் சேர்ந்தாற்போல் மிகுந்திருப்பதைக் கண்டு, முன்னது பின்னதை உண்டாக்கியதென்று சொல்லிவிடுவது சாஸ்திரம் ஆகாது. மண்ணின் புளிப்போ, ஈரமோ, சத்தோ இரண்டையும் ஒருங்கே உயர்த்தியிருக்கலாமல்லவா? அப்படியே, ஏதோ ஒரு பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்து, எந்த நிலத்திலும் எந்த வகைக்கும் இதை ஊற்றினால் விளைச்சல் பெருகும் என்று வாக்களிப்பவரை நம்புவதற்கு முன், அந்தப் பாக்டீரியா எந்த மண்ணில், எந்த வகையின் வேரில் பரீட்சிக்கப்பட்டதென்று கேட்க வேண்டும்.

வகையின் பெயரை மாத்திரம் எழுதிவைத்து, அது வேரூன்றிய மண்ணைப் பற்றி ஒரு வரியும் குறிக்காத கஞ்சா ஆராய்ச்சியை நான் பாதி ஆராய்ச்சி என்றே கருதுகிறேன்.