செயலிழந்த கையும் சிகிச்சையின் காலக்கெடுவும்

(வளர்ச்சித் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் பங்குகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

சாலை விபத்துகளைப் பற்றிய பேச்சில் உயிரிழந்தோரின் எண்ணிக்கையே பெரும்பாலும் முன்னிற்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அதே அறிக்கையிலுள்ள மற்றோர் எண் அவ்வளவாகக் கவனத்தைப் பெறுவதில்லை. காயமடைந்தோர் 4,43,366 பேர். அவர்களுள் எத்தனை பேர் பழைய தொழிலுக்குத் திரும்பினர் என்பதை அந்த எண் சொல்லாது. உயிர் பிழைத்து, உடைந்த எலும்பும் கூடி, ஒரு கை மட்டும் தோளிலிருந்து துவண்டு தொங்கும் நிலையில் வீடு திரும்புவோரைப் பற்றியதே இன்றைய உரை.

இவர்களுடைய கையில் பெரும்பாலும் காயம் இராது. பழுது கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ளது. கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப் பகுதியிலிருந்து நான்கு நரம்பு வேர்களும், மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலிருந்து ஒரு வேருமாக ஐந்து வேர்கள் வெளிவந்து, பின்னிப் பிரிந்து, கை முழுவதற்கும் இயக்கத்தையும் உணர்ச்சியையும் அளிக்கின்றன. இதனைப் புய நரம்புப் பின்னல் என்பர். மருத்துவர்கள் 'பிரேக்கியல் பிளெக்சஸ்' என்று வழங்குவர். மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் தோள் தரையில் மோதும்போது தலை ஒருபுறமும் தோள் மறுபுறமுமாக இழுபடுகின்றன. இடையிலுள்ள நரம்புகள் அந்த இழுவையைத் தாங்க மாட்டாமல் நைந்து போகின்றன, அறுந்து போகின்றன, அல்லது தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கப்படுகின்றன. தலைக்கவசம் தலையைக் காக்கும். இந்தப் பின்னலைக் காக்காது. (ஆகவே தலைக்கவசத்தால் பயனில்லை என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. அது இல்லாவிட்டால் கையைப் பற்றிய கேள்வியே பல வேளைகளில் எழாது.) பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள், குடும்பத்தின் முதன்மையான வருவாய் அவர்களுடைய உழைப்பினால் வருவது.

கைவிடப்பட்ட நிலையிலிருந்து

இத்தகைய கைக்குச் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் கருத்தாக இருந்தது. 1966இல் பாரிசில் கூடிய பன்னாட்டு எலும்பு அறுவை மருத்துவர்களின் மாநாடு, இந்நரம்புகளைச் சீரமைப்பது ஏறத்தாழ இயலாத செயல் என்ற முடிவுக்கே வந்தது. கையைத் துண்டித்துச் செயற்கைக் கை பொருத்துவதும், தோள் மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவதும் அக்காலத்தில் கூறப்பட்ட வழிகள். அடுத்த இருபது ஆண்டுகளில் நிலை மாறிற்று. அறுவைக்கு உதவும் நுண்ணோக்கியும், முடியினும் மெல்லிய தையல் இழையும் வந்தன. வியன்னாவில் ஹன்னோ மில்லேசி, அறுந்த நரம்பின் இரு முனைகளுக்கிடையே காலிலிருந்து எடுத்த உணர்ச்சி நரம்பை ஒட்டாக வைத்து இணைக்கும் முறையை வளர்த்தார்.

வேரோடு பிடுங்கப்பட்ட நரம்புக்கு ஒட்டுப் போட முடியாது. ஒட்டுவதற்கு மேல்முனை இல்லை. அங்கே அருகிலுள்ள வேறொரு நரம்பைக் கடன் வாங்குகிறார்கள். விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகள் சிலவற்றையோ, தோளை உயர்த்தும் தசைக்குச் செல்லும் நரம்பின் கிளையையோ திருப்பி, செயலிழந்த தசையின் நரம்போடு இணைக்கிறார்கள். 1994இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கிறிஸ்தோஃப் ஓபெர்லின், கைவிரல்களுக்குச் செல்லும் அல்னார் நரம்பு பழுதின்றி இருப்பவர்களிடம் அதன் ஒரு சிறு இழைக்கற்றையை மட்டும் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு சேர்க்கும் முறையை நான்கு நோயாளிகளைக் கொண்டு விளக்கினார். கடன் கொடுத்த நரம்புக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படுவதில்லை.

நன்றாக உள்ள உறுப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் செயலிழந்த உறுப்புக்கு வேலை வாங்கும் சிந்தனை இந்நாட்டுக்குப் புதியதன்று. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றி அமைத்தது உலகறிந்தது. இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனை, புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய பொது மருத்துவமனைகளிலும், வேறு சில நகரங்களின் தனியார் மருத்துவமனைகளிலும் புய நரம்பு அறுவை நடைபெறுகிறது. திறமை நாட்டுக்குள்ளேயே உள்ளது. அதனிடம் நோயாளி எப்போது வந்து சேருகிறார் என்பதில்தான் சிக்கல்.

நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

இணைக்கப்பட்ட நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கழுத்தின் அடியிலிருந்து மேற்கையின் தசை வரை 25 சென்டிமீட்டர் என்று கொண்டால், நரம்பு அங்குப் போய்ச் சேர 250 நாள்கள், அதாவது எட்டு மாதங்களுக்கு மேல், ஆகும். விரல்களை இயக்கும் சிறு தசைகளுக்கோ இரண்டு ஆண்டுகளும் போதா. நரம்பில்லாத தசை அதுவரை காத்திருப்பதுமில்லை. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் அது நரம்பை ஏற்கும் தன்மையை இழந்து நாராகிவிடுகிறது.

அலுவலர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விபத்து நடந்த மூன்றாம் மாதத்தில் ஒட்டு அறுவை செய்தால் பதினோராம் அல்லது பன்னிரண்டாம் மாதத்தில் நரம்பு தசையை அடையும், தசை உயிரோடிருக்கும். பத்தாம் மாதத்தில் செய்தால் நரம்பு வந்து சேரும் வேளையில் பெரும்பாலும் தசை எஞ்சியிராது. அறுவை மருத்துவர் அவரே, மருத்துவமனை அதுவே, செலவும் அதுவே. பயன் மட்டும் கிட்டுவதில்லை. தசைக்கு மிக அருகில் இணைக்கும் ஓபெர்லின் முறை வரவேற்புப் பெற்றதற்கு, நரம்பு கடக்க வேண்டிய தொலைவு குறைந்து அவகாசம் சற்றுக் கூடியதே ஒரு காரணம்.

முதல் மூன்று மாதங்கள் வீண் அல்ல. நைந்த நரம்புகளில் பல தாமாகவே மீள்வதால், உடனே கத்தி வைப்பது முறையாகாது. மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் மின் சோதனையும், காந்த அதிர்வுப் படமும், மாதந்தோறும் தசைகளின் வலிமையைக் குறித்து வைப்பதும் அந்த இடைவெளியில் நடைபெற வேண்டியவை. நடைமுறையில் இந்த மாதங்கள் வேறு விதமாகக் கழிகின்றன. தொடை எலும்பு முறிவும் தலைக்காயமும் முதலில் கவனிக்கப்படுகின்றன, அது சரியே. துவண்ட கையைப் பற்றி, "நரம்புத் தளர்ச்சி, நாளாவட்டத்தில் சரியாகும்" என்ற சொல்லோடு நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அதன்பின் கட்டு, எண்ணெய், காத்திருத்தல். நாள் தவறி வருவோருக்கும் வழி அறவே அடைபட்டுவிடுவதில்லை. தொடையின் உட்புறத்து மெல்லிய தசையை இரத்தக் குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கையில் பொருத்தும் அறுவை உண்டு. ஆனால் அது இன்னும் கடினமானது. செய்ய வல்லோர் இன்னும் சிலரே.

திட்டங்களின் நாட்காட்டி

சாலை விபத்தில் சிக்கியோருக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்டது. ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை அது பொறுப்பேற்கிறது. உயிர் காக்கும் முதல் மணி நேரத்தைக் கருதி வகுக்கப்பட்ட திட்டம் அது. அந்நோக்கத்தில் குறை காண இடமில்லை. ஆனால் புய நரம்பு அறுவை தொண்ணூறாம் நாளை ஒட்டி வருவது. அப்போது நோயாளி அத்திட்டத்துக்கு அயலார். 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அதில் வீடு திரும்பிய பின் ஏற்படும் செலவுக்கான வரம்பு 15 நாள்கள். இந்த அறுவைக்குப் பின் தேவைப்படும் இயன்முறைப் பயிற்சியோ ஓராண்டு, ஈராண்டு நீள்வது.

இழப்பீட்டுச் சட்டங்களின் போக்கு இன்னும் கருதத்தக்கது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே வந்துவிட்டது. அதன் அட்டவணை, தோள் மூட்டில் கை துண்டிக்கப்பட்டால் ஈட்டும் திறனில் 90 விழுக்காடு இழப்பு என்று கொண்டது. ஓர் உறுப்பின் பயன் முற்றிலும் நிலையாகவும் இழக்கப்பட்டால், அதனை உறுப்பையே இழந்ததாகக் கருத வேண்டும் என்றும் குறிப்பிட்டது. ஒரு தச்சர் இடக்கையை இழந்த வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது ஆதலின் இழப்பு முழுமையானதே என்று உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. இழந்த கைக்கு விலை வைக்கச் சட்டம் நூறாண்டுகளாகக் கற்றிருக்கிறது. கெடுவுக்குள் காப்பாற்றக்கூடிய கையைக் காப்பாற்றும் ஏற்பாடு அந்த அளவுக்கு வளரவில்லை.

மாணவர்கள் இதனை எண்ணால் அளந்து பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின்படி, 21 முதல் 25 வயதுள்ளவருக்கு ஆண்டு வருவாயை 18ஆல் பெருக்கி இழப்பு கணிக்கப்படுகிறது. மாதம் ரூ.15,000 ஈட்டும் இளைஞரை எடுத்துக்கொண்டால் அத்தொகை ரூ.32,40,000. கை முற்றிலும் செயலற்றதால் அவர் ஈட்டும் திறனில் 60 விழுக்காடு போயிற்று என்று வைத்துக்கொள்வோம், இழப்பு ரூ.19,44,000. அறுவையால் அது 40 விழுக்காடாகக் குறைந்தால் மிச்சம் ரூ.6,48,000. விழுக்காடுகள் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. இருப்பினும் குடும்பத்துக்கான ஆண்டு உச்சவரம்பு முழுவதையும் இந்த ஓர் அறுவைக்கே செலவிட்டால்கூட நாட்டுக்கு நட்டமில்லை என்பது விளங்கும்.

கை பழையபடி ஆகிவிடும் என்று இதற்குப் பொருளன்று. ஐந்து வேர்களும் பழுதான கையில் முழங்கை மடங்குவதும் தோள் நிலைபெறுவதுமே முதல் இலக்கு. விரல்களின் நுண்மையான இயக்கம் அரிதாகவே மீள்கிறது. ஆயினும் மடங்கும் முழங்கை ஓர் உதவிக் கை. அது பையைத் தாங்கும். மறுகை அறுக்கும்போது மரத்தை அழுத்திப் பிடிக்கும். வேர் பிடுங்கப்பட்டோர் பலரை வாட்டும் தீயெரிவது போன்ற வலியைப் பற்றி எந்த அட்டவணையும் பேசுவதில்லை. தூக்கத்தைக் கெடுக்கும் அவ்வலிக்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

மாவட்டத்தில் செய்யக்கூடியவை

விலா நரம்பைக் கடன் வாங்கியவரின் முழங்கை, முதலில் அவர் மூச்சை ஆழ இழுக்கும்போதுதான் மடங்கும். ஏனெனில் அந்த நரம்பு அறிந்த வேலை மூச்சு. மாதக்கணக்கில் பயின்ற பின்னரே மூச்சைக் கருதாமல் கையை மடக்க மூளை கற்கிறது. இப்பயிற்சிக்குப் பெருநகர மருத்துவமனை தேவையில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு மையத்தின் இயன்முறை மருத்துவர் போதும். அறுவை செய்த மருத்துவமனை எழுதும் பயிற்சிக் குறிப்பு அந்த மையத்தை அடைய வேண்டும். இன்று நோயாளி ஒவ்வொரு முறையும் கூலியை விட்டு, துணைக்கு ஒருவரோடு, நெடுந்தொலைவு பயணம் செய்கிறார்; நாளடைவில் பயிற்சியே நின்றுபோகிறது.

கெடுவை நினைவூட்டவும் புதிய அலுவலகம் வேண்டியதில்லை. 2022 முதல் நடைமுறையிலுள்ள மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து பற்றிய விரிவான அறிக்கையைக் காவல்துறை 90 நாள்களுக்குள் தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டும். நரம்பு அறுவையைப் பற்றி முடிவெடுக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. காயமடைந்தவர் இரு கைகளையும் தூக்க முடிகிறதா, இல்லையெனில் நரம்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டாரா என்ற இரு வினாக்களை மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டிலும் அந்த அறிக்கையிலும் சேர்ப்பது மாநில அரசுகளால் இயலக்கூடியதே.

இதே பின்னல் பிறப்பின்போதும் பழுதாவதுண்டு. பெரிய குழந்தையின் தோள் பிறப்புவழியில் சிக்கி இழுபடும்போது இது நேர்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே குணமாகிறது. மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்காத குழந்தையை அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பது பலர் பின்பற்றும் விதி. ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை ஆறு வாரம் வரை வீட்டிலேயே சென்று பார்க்கின்றனர். 2018இல் தொடங்கிய இளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் அடுத்த வருகை மூன்றாம் மாதத்தில் அமைகிறது. அன்று குழந்தை இரு கைகளையும் ஒருபோல வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பார்த்துக் குறிக்க, அவர்களுடைய பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.