மழையை இங்கிலிசில் சொல்லப் பழகுவோம்

(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் தாய்மார், இளைஞர், மாணவர் முன்னிலையில் பேசியது)



நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கால் வலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்க மாட்டோம். "மழை பெய்யிறது நமக்குத் தெரியாதா, அதை இங்கிலிசில் வேறு படிக்கணுமா?" என்று பின்னால் ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, நாங்கள் செய்த ஒரு பிழையை முதலில் சொல்கிறோம்.

சில வருசங்களுக்கு முன்னர், ஒரு ஏப்ரல் மாதம். காலையில் ஆபீசுக்கு வானிலை அறிக்கை இங்கிலிசில் வந்திருந்தது. பெரட்டுக்களத்தில் கங்காணி, "ஐயா, இன்னைக்கு எப்படி?" என்று கேட்டார். நாங்களும் அவசரத்தில் ஒரு பார்வை பார்த்தோம். "ஃபெயார்லி ஹெவி ஷவர்ஸ்" என்று போட்டிருந்தது. "ஃபெயார்" என்றால் நல்லது, "ஃபெயார் வெதர்" என்றால் நல்ல காலநிலை என்று எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. "இன்னைக்குப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டோம். ஆட்கள் உச்சி மலைக்குப் போனார்கள். பகல் இரண்டரை மணிக்கு வானம் இருண்டு, சவுக்கு மரம் ஒன்றில் இடி விழுந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு அக்கா தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது. ஆனால் மூன்று நாள் ஒரு காது கேட்கவில்லை. அந்த அக்கா இன்றைக்கு முன் வரிசையில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை.

"ஃபெயார்" வேறு, "ஃபெயார்லி" வேறு. "ஃபெயார்லி ஹெவி" என்றால் ஓரளவு பலத்த மழை என்று அர்த்தம். அந்த வால் இரண்டு எழுத்தை விட்டுவிட்டதால் ஒரு குடும்பம் தாயை இழக்கப் பார்த்தது. அன்றிலிருந்து நாங்கள் அகராதியைப் பக்கத்தில் வைக்காமல் அறிக்கை வாசிப்பதில்லை.

தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. அறிவித்தலைத் தமிழில் தாருங்கள் என்று கேட்பது நமது உரிமை, அதை விடக் கூடாது. ஆனால் மழை நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. தமிழ்க் கடிதம் வரும்வரை, கையில் இருக்கிற இங்கிலிசு கடிதத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேணும். நாம் சொல்வதும் மறுபக்கத்து ஆளுக்கு விளங்க வேணும்.

முதலில் பனியை எடுப்போம். நம்ம தமிழில் "பனி" என்று ஒரே சொல்லால் நாலு சாமானைச் சொல்லிவிடுகிறோம். காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. ரோட்டை மூடுகிற புகை மாதிரி வருவதும் பனி. தை மாதம் நுவரெலியாப் பக்கம் கொழுந்தைக் கருக்குவதும் பனி. படத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் உருட்டி விளையாடுவதும் பனி. இங்கிலிசில் நாலும் நாலு பெயர்: ட்யூ, மிஸ்ட், ப்ரொஸ்ட், ஸ்நோ. லீவுக்கு வருகிறவர்கள் நுவரெலியாவில் "ஸ்நோ" விழுந்தது என்பார்கள். அது பிழை. ஸ்நோ மேகத்திலிருந்து விழுவது. ப்ரொஸ்ட் விழுவதில்லை, இலையிலேயே உறைவது. மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். குளிர்ந்த காற்று பாரம் கூடியது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கும். அதனால்தான் மேட்டு மலைத் தேயிலை தப்பி, ஓடை ஓரத்துத் தேயிலை கருகுகிறது. ஏன் என்று துரை கேட்டால் "பிகோஸ் இட் வோஸ் எ க்ளியர் நைட்" என்று சொன்னால் போதும்.

மிஸ்ட் என்றும் ஃபொக் என்றும் இரண்டு உண்டு. இரண்டும் நிலத்தைத் தொடுகிற மேகம் மாதிரித்தான். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது தெரிந்தால் மிஸ்ட், அதற்குள்ளேயே மறைந்துவிட்டால் ஃபொக். லொறி ஓட்டுகிற தம்பிமாருக்கு இது வேணும்.

மழைக்கும் அப்படித்தான். தூறல் "ட்ரிசில்". திடீரென்று கொட்டி, திடீரென்று நிற்பது "ஷவர்". இடியோடு வந்தால் "தண்டர்ஷவர்". பங்குனி, சித்திரையிலும், பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பகலுக்கு மேல் வருவது இதுதான். இங்கிலிசில் "இன்டர்மொன்சூன்" என்பார்கள், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலை வெயிலில் நிலம் சூடாகிறது, ஈரக்காற்று மேலே எழும்புகிறது, உயரத்தில் குளிர்ந்து பெரிய மேகமாகிறது, இரண்டு மூன்று மணிக்கு உடைகிறது. அறிக்கையில் "ஆஃப்டர் 2 பி.எம்." என்று போடுவதன் காரணம் இது. அந்த நாட்களில் மேல் மலைகளைக் காலையிலேயே எடுத்து முடிக்கும்படி கங்காணிமாரிடம் நாம் கேட்கலாம். கேட்பதில் குற்றமில்லை.

மின்னல் கண்டால் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று செக்கன் எடுக்கும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, அடுத்தது நம் தலைக்கு மேலேயே விழலாம். மலையை விட்டு கட்டடத்துக்குள் போக வேணும். சவுக்கு மரத்தடி கட்டடம் அல்ல.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை "சவுத்-வெஸ்ட் மொன்சூன்". இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. இங்கிலிசில் காற்றுக்குப் பெயர் அது போகிற திசையை வைத்து அல்ல, வருகிற திசையை வைத்து. தென்மேற்குக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு மலை தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று காய்ந்து சூடாகிவிடுகிறது. ஒரே நாளில் வட்டவளையில் இருக்கும் அக்கா கம்பளி போர்த்திக்கொண்டு கொழுந்து எடுப்பார், பண்டாரவளையில் இருக்கும் தங்கச்சி தூசி தின்பார். ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் நல்ல வாசம் ஏறுவதும் இந்தக் காய்ந்த காற்றால்தான்.

இன்னொன்று "டிப்ரெஷன்", "லோ பிரஷர்". போன கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு ஆயா, "ஐயோ, யாருக்கு பிரஷர் கொறஞ்சிருச்சு?" என்று பயந்து கேட்டார். ஆஸ்பத்திரி பிரஷர் இரத்தத்தில், இந்தப் பிரஷர் காற்றில். கடல் நன்றாகச் சூடாகியிருக்கும்போது அதன் மேலே காற்று எழும்பி, அழுத்தம் குறைந்து, சுற்றிலும் உள்ள காற்று சுழன்றுகொண்டே உள்ளே வருகிறது. அது தாழமுக்கம். பலம் கூடினால் "சைக்ளோன்", நம்ம சூறாவளி. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்ததும், 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வாவும் அந்த வகைதான். டித்வாவில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்ததை நாம் மறக்கவில்லை. பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து வரும் சேதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

ஆகவே நம்ம கையில் ஒரு அளவு இருக்க வேணும். மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டி மழை தொடர்ந்தால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற வேணும். பழைய ஆட்கள் இஞ்சியில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அவர்களுக்கு மூன்று, நாலு, ஆறு இஞ்சி என்று சொல்லுங்கள், கிட்டத்தட்டச் சரி. கடிதத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் இருக்கும். சிவப்பில் வருகிற சொல் "இவெக்குவேட்". லயத்தை விட்டுப் போ என்று அர்த்தம். அலுமாரியைப் பூட்டிவிட்டு, மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு ஆறுதலாகப் போ என்று அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது பலருக்கு ஓட நேரமே கிடைக்கவில்லை.

150 மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீற்றருக்கு 150 லீற்றர். நம்ம 10 அடிக்கு 12 அடி காம்பராவின் கூரையில் மட்டும் 1,670 லீற்றர் அளவில் விழும். பெரிய பெரல் எட்டு நிறைந்து மிஞ்சும். அவ்வளவும் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணுக்குள்ளும் இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். கான் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அளக்க விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமும் தட்டையான அடியும் உள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். வானிலைக்காரர்கள் அளக்கும் நேரமும் அதுவே. கடும் மழை நாளில் மணிக்கு மணி பார்க்க வேணும்.

இனி போன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எடுக்கிறவருக்குத் தமிழ் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் நாம் பதறி "ஐயோ, சேர், மலை, மலை" என்று கத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நாலு வசனம் போதும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு, "தெயார் இஸ் எ கிராக் பிஹைண்ட் த லைன்", லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது. "மடி வோட்டர் இஸ் கமிங் அவுட்", சேற்றுத் தண்ணீர் ஊற்றெடுக்கிறது. "த ட்ரீஸ் ஆர் லீனிங்", மரங்கள் சாய்கின்றன. கடைசியாக எத்தனை மில்லிமீற்றர், எத்தனை மணித்தியாலத்தில். ஆனால் இந்த அடையாளங்களைக் கண்டால் முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள், போன் அதற்குப் பிறகு. இலக்கணம் பிழைத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

இந்த வசனங்களைப் பெரிய எழுத்தில், இங்கிலிசிலும் தமிழ் எழுத்திலுமாக, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு லயத்திலும் முதல் காம்பராக் கதவில் ஒட்டுவோம். மழை அளக்கும் கொப்பியை யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டோம். அந்த அக்கா கை தூக்கியிருக்கிறார், காது கேட்காமல் கிடந்தவர்தான். வருகிற ஞாயிறு பகல் மூன்று மணிக்கு இதே இடத்தில் சந்திப்போம். ஆளுக்கு ஒரு அடிமட்டம் கொண்டு வாருங்கள்.